இரண்டு கயிறும் ஒரு தொண்டையும்

தொண்டை என்பது முதலில் அவருடைய உறுப்பு ஒன்றின் பெயராக மட்டுமே இருந்தது. காலப்போக்கில் அவருடைய பெயராகவும் ஆகிவிட்டது. கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலைக்குக் குரல் கொடுப்பது அவர் தொழில். படகு ஒன்று வலையைக் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு வரும். வலையின் இரு முனைகளிலும் கட்டிய நீண்ட கயிறுகளைக் கரையில் நின்று இரு கூட்டத்தார் இழுப்பார்கள். இழுப்பவர் அனைவரும் ஒரே மூச்சில் இழுத்தாலன்றி வலை கோணிக்கொள்ளும், மீன் விடைபெற்றுக்கொள்ளும். அந்த ஒரே மூச்சை ஊட்டுபவர் தொண்டை. முதுகில் ஏதோ ஒரு நரம்பு பிசகியிருந்தமையால் அவரால் ஒரு வாளித் தண்ணீரைக்கூட நிமிர்ந்து தூக்க இயலாது. ஆயினும் அவர் “ஏஏ…லோ!” என்று ஒரு சத்தம் விட்டால், கரையில் நிற்கும் ஆண் பெண் அனைவருடைய கைகளும் மூளையைக் கலந்தாலோசிக்காமலேயே கயிற்றை இழுத்துவிடும். ஒருமுறை அவர் தும்மியதற்கே இரண்டு முழம் கயிறு கரையேறிற்று என்று பேசிக்கொள்வார்கள்.

அத்தகைய தொண்டை, அன்று மாலை, தம் வீட்டுக் கூரையின்மேல் தவழ்ந்த நிலையில் ஒரு பூனையைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“வாடா கண்ணு, கீழ வா. அவ சொல்லி முடிக்கட்டும். கேட்டுட்டு அப்புறம் நீ எங்க வேணும்னாலும் போ.”

பூனை தன் வாலை நக்கிற்று.

ஒரு மனிதர் இந்நிலைக்கு ஆளான வரலாற்றை விளக்க வேண்டுமாயின், ஒரு குளிர்பெட்டியிலிருந்து தொடங்குவதே முறை.

சில மாதங்களுக்கு முன் அக்கரையை ஒரு புயல் தாக்கியது. படகுகள் கவிழ்ந்தன, கூரைகள் பறந்தன, ஒருவருடைய கதவு மற்றொருவருடைய முற்றத்தில் போய் நின்றது. ஊர் மக்கள் அனைவரும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒன்றாக உறங்கி, ஒரே பானையில் பொங்கி உண்டு, ஒருவர் குறட்டையை மற்றவர் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தனர். எஞ்சிய துண்டுகளை எல்லாம் கோத்து, ஊருக்கு ஒரே பெரிய வலையாக மீண்டும் கட்டி முடித்தனர். இவ்வளவுக்கும் இடையே ஒரு சிறு சச்சரவுகூட எழவில்லை. இதைக் கண்ட வெளியூர் நிவாரண சங்கத்தார் கண்கலங்கினர். “இந்த ஒற்றுமை என்றென்றும் நிலைக்க வேண்டும்” என்று கூறி, மீனைக் கெடாமல் வைப்பதற்கென ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்றைப் பரிசளித்துவிட்டு, கைகுலுக்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுச் சென்றனர்.

அவர்களுடைய வண்டிப் புழுதி அடங்குவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

பெட்டியைக் கரையின் வடபுறத்தில் வைப்பதா, தென்புறத்தில் வைப்பதா? வடக்குக் கயிற்றுக்குத் தலைவர் நண்டு. வலை பின்னுபவர், பக்கவாட்டில் நடப்பவர். “வலைக் கொட்டகை எங்க பக்கம் இருக்கு. மீன் வலையிலதானே வருது? பெட்டி இங்கதான் இருக்கணும்” என்றார். தெற்குக் கயிற்றுக்குத் தலைவர் சுக்கான். படகோட்டி, தொண்டையின் உடன்பிறந்த அண்ணன். “கரண்டு கம்பம் எங்க பக்கம் இருக்கு. வேணும்னா உன் கொட்டகையில வெச்சு விசிறியால வீசிக்கோ” என்றார். பேச்சு வளர்ந்தது. சுக்கான் நண்டின் நடையைப் பற்றி ஒரு சொல் சொன்னார். நண்டு சுக்கானின் படகு எந்தெந்தப் பாறைகளை நலம் விசாரித்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக நினைவூட்டினார்.

அன்றோடு இரு தரப்பும் காய் விட்டுக்கொண்டன. ஊர் வலையை நடுவே வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். மீன் வந்து நிறையும் மடி எனப்படும் பையையும் அவ்வாறே வெட்டித் தைத்துக்கொண்டார்கள். ஒரு கால்சட்டையை இரண்டாகக் கிழித்து இருவர் உடுத்திக்கொண்டால் எவ்வாறு இருக்குமோ, மீன்பிடிப்பு அவ்வாறு இருந்தது. குளிர்பெட்டி மட்டும் வடக்குமன்றித் தெற்குமன்றிக் கரையின் நட்டநடுவில், மின்சாரமும் நிழலும் எட்டாத இடத்தில், வெயிலில் வெந்துகொண்டு நின்றது. எதிர்த்தரப்பாரிடம் வாய் திறந்து பேசுகிறவருக்கு மீனில் பங்கில்லை என்று இரு தரப்பும் தனித்தனியே சட்டம் இயற்றின. இரு தரப்பும் ஒரே நாளில் ஒரே சட்டத்தை இயற்றியது, அவர்களுக்குள் இருந்த நெடுநாள் பழக்கத்தின் விளைவாகும்.

இச்சட்டம் தொண்டையின் வீட்டைக் குறுக்காக அறுத்தது. அவர் தெற்குத் தலைவரின் தம்பி. அவருடைய மனைவியோ வடக்குத் தலைவரின் தங்கை. மீனைக் கூறு போட்டு எல்லாருக்கும் பங்கு பிரிப்பவர் ஆதலால் அவருக்குப் பங்குக்காரி என்று பெயர். தம் கூறில் எவரும் இதுவரை குறை கண்டதில்லை என்பதில் அம்மையாருக்குப் பெருமை. அத்தகையவர் ஒரு சட்டத்தை மீறுவாரா? கணவரிடம் பேசுவதை அன்றே நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியவற்றை எல்லாம் பூனையிடம் சொன்னார்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பூனைக்குப் பொறுமை கிடையாது. அது எழுந்து சென்றுவிட்டால் அம்மையார் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். “சோறு ஆக்கி வெச்சிருக்கேன், ஆனா அதுல…” என்று நின்ற ஒரு வாக்கியத்துக்காகத் தொண்டை ஒரு பகல் முழுவதும் பட்டினி கிடந்திருக்கிறார். உப்புப் போட மறந்துவிட்டது என்பது மட்டுமே மீதி வாக்கியம்.

அன்று மாலையும் அவ்வாறே நிகழ்ந்தது. “ஏ பூனை, அவருகிட்ட சொல்லிரு. நாளைக்குக் காலையில எங்க அண்ணன் வலைக்கு அவரு குரல் கொடுக்கலைன்னா, நான்…” என்னும் அளவில் பூனை பாய்ந்து கூரையேறிவிட்டது. வாசற்படியருகே புடைத்த துணிப்பை ஒன்று நின்றதைக் கண்ட தொண்டைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதுகு வலியை மறந்து கூரையேறினார். முடிவில் இரு கைகளிலும் கீறல்களுடன் பூனையைக் கொணர்ந்து அம்மையார்முன் அமர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“எங்க விட்டேன்?” என்று அம்மையார் பூனையைக் கேட்டார். “ஆங். நான் பையைத் தூக்கிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன். அவ்வளவுதான். கையில மருந்து போட்டுக்கச் சொல்லு.”

“பூனை,” என்றார் தொண்டை குழைவாக. “அவங்க அண்ணனுக்குக் குரல் கொடுத்தா எங்க அண்ணன் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு. எங்க அண்ணனுக்குக் கொடுத்தா இவ வீட்டுல இருக்க மாட்டா. நான் எங்கதான் போறதுன்னு கேளு.”

“அவரு தொண்டை. அவருதான் முடிவு பண்ணணும்னு சொல்லு, பூனை.”

பூனை கொட்டாவி விட்டது. இரு தரப்புக்கும் நடுவே இருப்பது எத்துணை அலுப்பானது என்பதை அது உணர்ந்திருந்ததுபோலும்.

மறுநாள் விடியலில் கரையை மூடுபனி விழுங்கியிருந்தது. தாம் எடுத்துவைத்த காலின் விரல்களையே தொண்டை ஊகித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. சண்டை மூண்ட நாள் முதல் எவருக்கும் குரல் கொடுக்காமல் தினமும் போய் அமரும் குளிர்பெட்டியின்மேல், தட்டுத்தடுமாறிச் சென்று ஏறி அமர்ந்தார். எந்தத் தரப்பிலும் சேராத ஒரே இடம் அதுவே.

பெட்டிக்கு நேரே உள்ள கடற்பகுதிதான் பாறையற்ற நல்ல மணல்தரை. ஆகவே வடக்கார் தங்கள் பாதி வலையை அதை ஒட்டியே விரிப்பார்கள். தெற்காரும் அதை ஒட்டியே விரிப்பார்கள். இரு வலைகளின் உட்புறக் கயிறுகளும் பெட்டிக்கு இருபுறமும் சிறிது தள்ளித்தான் கரையேறும். பனியில் ஒன்றும் தெரியாத போது, கடலில் துடுப்புச் சத்தம் கேட்டால் “யாரு படகு?” என்று கூவுவதும், “நாங்கதான்!” என்று மறுமொழி சொல்லி விலகுவதும் மீனவரின் வழக்கம். அன்று தொண்டையின் காதில் இரண்டு துடுப்புச் சத்தங்கள் நெருங்கி வருவது விழுந்தது. ஒருவர் கூவுவதற்காக மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சைச் சட்டம் நினைவுக்கு வந்தவராய் விழுங்கினார். எதிர்ப்படகில் ஒருவர் “க்கும்” என்று இருமினார். இது பேச்சாகாது. பின்னர்த் துடுப்போடு துடுப்பு உரசும் சத்தம். அதன்பின் இரு படகுகளும் மிகுந்த கௌரவத்தோடு ஒன்றையொன்று கடந்து சென்றன.

கடந்தபோது இரு படகுகளும் பின்னால் விட்டுச்சென்ற கயிறுகள், நீருக்கடியில், ஒன்றையொன்று கொக்கிபோல் வளைத்துப் பிடித்துக்கொண்டன. அதை அப்போது எவரும் அறியவில்லை.

சற்று நேரத்தில் தென்புறத்திலிருந்து முனகல் எழுந்தது.

“அண்ணே, நகர மாட்டேங்குது.”

“நகராதுடா,” என்றது சுக்கானின் குரல். அதில் பேராசை நடுங்கிற்று. “பெரிசு. ரொம்பப் பெரிசு. காலை நல்லா ஊணு.”

“பாறையில மாட்டிருச்சோ?”

“பாறை இழுக்குமாடா? இங்க பாரு, இழுக்குது! உசுரு இருக்கு!”

அதே நேரத்தில் வடபுறத்தில் நண்டு கிசுகிசுத்தார். “சத்தம் போடாதீங்க. இது சாதாரண மீன் இல்ல. அவனுங்க காதுல விழுந்தா ஓடி வந்து பங்கு கேப்பானுங்க. வாயை மூடிக்கிட்டு இழுங்க.”

தெற்கிலும் இதே ஆணை பிறப்பிக்கப்பட்டது. ஆதலால் இரு கூட்டத்தாரும், கூப்பிடு தூரத்தில், ஒருவரையொருவர் அறியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக ஒருவரையொருவர் இழுக்கலாயினர். நடுவே பெட்டியின்மேல் அமர்ந்திருந்த தொண்டை ஒருவருக்கே இரு பக்கத்துக் கிசுகிசுப்பும் கேட்டது.

“வருது, வருது!” என்று இடக்காதில் விழுந்தது.

“போகுது, போகுது! விடாத!” என்று வலக்காதில் விழுந்தது.

சிறிது இடைவெளி. பின்னர் வலக்காதில் “வருது, வருது!”, இடக்காதில் “ஐயோ, போகுதுடா!”

தொண்டை இதைப் பெரிதாக எண்ணவில்லை. வாசற்படியில் நின்ற பையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அம்மையார் இல்லாத வீட்டில் தாமும் பூனையும் எதிரெதிரே அமர்ந்து என்ன பேசிக்கொள்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

வடக்கில் கயிற்றுக்கு ஆள் போதவில்லை. வீட்டிலிருந்த பெண்கள் அழைக்கப்பட்டனர். தெற்கில் தையற்காரர் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவோடு இழுத்து வரப்பட்டார். வடக்கில் முடிதிருத்துநர் வந்தார். அவரோடு பாதி மழிக்கப்பட்ட கன்னத்துடன் வாடிக்கையாளரும் வந்தார். தேநீர்க் கடைக்காரரை இரு தரப்பும் அழைத்தன. தேநீரின்றி எத்தரப்பும் இயங்காது ஆதலால் அவர் ஒருவருக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு.

அந்தத் தேநீர்க் கடைக்காரர் சிறிது நேரத்தில் மூச்சு வாங்கப் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டுப் பெட்டியின்மேல் சாய்ந்தார்.

“தொண்டை, ஒரு விஷயம். ஆனா யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணிருக்கேன்.”

“எங்கிட்டயும் சொல்லாதீங்க அப்போ.”

“சொல்லாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும்யா. வடக்குல திமிங்கலம் மாட்டிருக்கு.”

“திமிங்கலமா?”

“தெற்குலயும் மாட்டிருக்கு.”

தொண்டை நிமிர்ந்து அமர்ந்தார். “ரெண்டா?”

“ரெண்டு. கடல் நம்மளைக் கைவிடல, பாத்தியா? முதல்ல வடக்குல கை வெச்சேன். நான் வெச்ச உடனே நல்லா வந்துச்சு. அப்புறம் தெற்குல கூப்பிட்டாங்க. வடக்கை விட்டுட்டு அங்க போனேன். போன உடனே அங்க வர ஆரம்பிச்சிருச்சு! திரும்ப வடக்குக்கு ஓடினா, அங்க ‘போகுது போகுது’ன்னு முனகுறானுங்க. நான் கை வெச்ச உடனே அங்கயும் வருது. என் கையில ஏதோ ராசி இருக்கு போல, தொண்டை. இத்தனை காலமா டீ ஆத்தி வீணாக்கிட்டேன்.”

தொண்டை அவருடைய முகத்தையே பார்த்தார். இடக்காதில் விழுந்ததும் வலக்காதில் விழுந்ததும் அவர் தலைக்குள் மெல்ல நடந்து வந்து, நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. விழுங்கப்பட்ட அந்த மூச்சு நினைவுக்கு வந்தது. உரசிய துடுப்பு நினைவுக்கு வந்தது.

“ஐயையோ,” என்றார்.

“என்னய்யா?”

“உங்களை நீங்களே இழுத்திருக்கீங்க.”

தேநீர்க் கடைக்காரருக்கு இது வேதாந்தமாகப் பட்டது. தலையசைத்துவிட்டு, தெற்கில் மீண்டும் அழைக்கவே ஓடிவிட்டார்.

சிரிப்பதற்குத் தொண்டை வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் வடபுறத்திலிருந்து, மற்றெல்லாக் குரல்களினின்றும் அவர் பிரித்தறியக்கூடிய ஒரு குரல் எழுந்தது.

“அண்ணே, கயிறு முனகுது.”

“முனகட்டும், நீ இழு,” என்றார் நண்டு.

“அண்ணே, நான்தான் முன்னால நிக்கிறேன். என் கைக்குள்ளயே இழை பிரியுது.”

தொண்டையின் சிரிப்பு திறந்த வாய்க்குள்ளேயே உறைந்தது. அம்மையார் கயிற்றின் தலைமாட்டில் நிற்கிறார். முன்னால் நிற்பவர் வழக்கப்படி, இடுப்பில் கட்டிய பட்டையைக் கயிற்றில் கோத்துக்கொண்டு நிற்பார். இவ்வளவு பேர் இருபுறமும் முறுக்கிக்கொண்டு இழுக்கும் கயிறு அறுந்தால், சாட்டையைப்போல் திரும்பி வந்து முதலில் நிற்பவரைத்தான் அடிக்கும். புயலில் பிழைத்த வலையும் அத்தோடு போகும்.

ஓடிச் சென்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தப் பக்கம் முதலில் ஓடுவது? வடக்கே ஓடினால், தெற்கார் ஒன்றும் அறியாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். தெற்கே ஓடினால், வடக்கார் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். எவர் முதலில் விட்டாலும் மற்றவர் “வருது வருது” என்று அள்ளிக்கொண்டு போவார்கள். இருவரும் ஒரே கணத்தில் விட வேண்டும். ஊரில் எல்லாரையும் ஒரே கணத்தில் ஒன்றைச் செய்யவைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவர் இத்தனை நாள் எவருக்கும் தரமாட்டேன் என்று பூட்டிவைத்திருந்தார்.

தொண்டை பெட்டியின்மேல் எழுந்து நின்றார். கால்களை அகட்டி ஊன்றினார். முதுகு ஏதோ ஆட்சேபம் தெரிவித்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

“தளஅஅ…ர்!”

அக்குரல் பனியை இரண்டாகப் பிளந்துகொண்டு இருபுறமும் சென்றது. மூளைகள் “யாரது?” என்று கேட்குமுன் கைகள் தளர்ந்துவிட்டன. இழுத்த வேகத்தில் சாய்ந்திருந்த உடல்கள் சாய்ந்த திசையிலேயே தொடர்ந்து பயணம் செய்தன. வடக்கிலும் தெற்கிலும் ஊர் முழுவதும் மல்லாந்து விழுந்தது. ஈர மணலில் அத்தனை பேர் பின்புறமும் ஒரே நேரத்தில் பதிந்த ஓசை, ஒரு பெரிய அலை கரையில் அறைந்ததை ஒத்திருந்தது.

“எவன்டா அது!” என்று நண்டு கத்தினார்.

“திமிங்கலம் போச்சேடா!” என்று சுக்கான் புலம்பினார்.

அவர்கள் எழுந்து மீண்டும் கயிற்றைப் பற்றுவதற்குள் தொண்டை அடுத்த குரலைக் கொடுத்தார்.

“கூஊஊ…டு!”

வலை கரையை நெருங்கும் வேளையில், அதன் வாய் மூடிக்கொள்வதற்காக, இரு கயிற்றாரும் கயிற்றைப் பிடித்தபடியே ஒருவரையொருவர் நோக்கி நடந்து வர வேண்டும். அதற்கான குரல் அது. நினைவு தெரிந்த நாள் முதல் அக்குரலுக்கு நடந்து பழகிய கால்கள் அவை. குளிர்பெட்டியைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ கால்களுக்கு எவரும் அறிவித்திருக்கவில்லை. எனவே அவை எழுந்தன. கயிற்றோடு நடக்கத் தொடங்கின.

“அண்ணே, எதுக்கு நடக்குறோம்?”

“தெரியலடா. கால் போகுது.”

“நிறுத்துங்கண்ணே.”

“நீ நிறுத்திப் பாரேன்!”

பனிக்குள்ளிருந்து முதலில் அம்மையார் வெளிப்பட்டார். அவர்பின் பக்கவாட்டில் நண்டு. எதிர்ப்புறத்திலிருந்து சுக்கான், அவர்பின் அளவுநாடாவோடு தையற்காரர். நண்டு பக்கம் பார்த்து நடப்பவர். சுக்கானோ கடலைப் பார்த்து நடப்பவர். இருவரும் எதிரே வருபவரைக் காணாமல் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டனர்.

இரு கூட்டமும் நின்றன. கையில் கயிறு, உடம்பெல்லாம் மணல், பெருமூச்சு. ஒருவரும் பேசவில்லை. பேசினால் பங்கு போய்விடும். சுக்கான் நண்டின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். அதைத் தம் கண்ணாலேயே பின்தொடர்ந்து கடல்வரை சென்றார். அங்கிருந்து திரும்பித் தம் கையிலிருந்த கயிற்றுக்கு வந்தார். நண்டு அதே பயணத்தை எதிர்த்திசையில் மேற்கொண்டார். இரு முகங்களும் மெல்லச் சிவந்தன.

“அப்போ,” என்றார் சுக்கான், அடக்க மாட்டாமல், “அந்தத் திமிங்கலம் நீதானா?”

“நானா? நீதான்யா திமிங்கலம்! உசுரு போற மாதிரி இழுத்துட்டு!”

“மச்சான், நீ என்னை இழுத்தியா, நான் உன்னை இழுத்தேனா?”

“வருது வருதுன்னு நாங்கதான் சொன்னோம்!”

“நாங்க சொல்லலியா?”

அத்தோடு அனைவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டனர். முதலில் பேசியவர் எவர் என்று இனி ஒருவராலும் நிறுவ இயலாது. தையற்காரர் முடிதிருத்துநரிடம் தம் முழங்கையைக் காட்டினார். பாதி மழிக்கப்பட்டவர் அவரிடம் மீதியை எப்போது மழிப்பாய் என்று கேட்டார். தேநீர்க் கடைக்காரர் தம் இரு உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வலைகள் இன்னும் கடலில் கிடந்தன. பின்னிக்கிடந்த அவை இரண்டும் ஒன்றாக வந்தாலன்றி வரமாட்டா. ஆகவே சண்டையை இழுப்பின் இடைவெளிகளில் தொடர்வதென்று உடன்பாடு ஆயிற்று. தொண்டை குரல் கொடுத்தார். வடக்கார் ஒரு கயிற்றிலும் தெற்கார் மறு கயிற்றிலும் நின்று, “ஏஏ…லோ”வுக்கு இழுத்து, அதற்கடுத்த மூச்சுக்குள் ஒருவரையொருவர் ஏசினர். வசவும் அவர் தாளத்துக்கே அமைந்துவிட்டது. பனி விலகி, வெயில் ஏறி, முதுகுகள் காயும்வரை அவர் நிறுத்தாமல் குரல் கொடுத்தார். இத்தனை நாள் பூட்டிவைத்ததை எல்லாம் வட்டியோடு கொடுத்தார்.

கடைசியில் கரையேறியது ஒரு வினோதமான பொருள். இரண்டு பாதி வலைகளும் ஒன்றையொன்று சுற்றி, முறுக்கி, கட்டித் தழுவி, ஒரு பெரும் மூட்டையாகியிருந்தன. இரண்டு அரை மடிகளும் சேர்ந்துகொண்டு ஒரு முழு மடியாக வாயைத் திறந்து கிடந்தமையால் உள்ளே மீனும் இருந்தது. திமிங்கலம் இல்லை, ஊர் வியக்கும் அளவும் இல்லை, ஊர் உண்ணும் அளவு இருந்தது.

நண்டு குனிந்து முடிச்சுகளை ஆராய்ந்தார்.

“இதைப் பிரிக்க முடியுமா மச்சான்?” என்றார் சுக்கான்.

“முடியும். என் பேரன் முடிச்சிருவான்.”

“உன் பொண்ணுக்கே இன்னும் கல்யாணம் ஆகலியே?”

“அதைத்தான் சொல்றேன்.”

சுக்கான் தலையைச் சொறிந்தார். “வெட்டிரலாமா?”

“ஒரு தடவை வெட்டுனதுக்கே கடலு நம்மளை இந்தப் பாடு படுத்துது. பேசாம இப்படியே சேத்துத் தெச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, எங்க பக்கம்தான் நல்லா இழுத்துச்சு.”

“யாரு? நாங்க மூச்சு வாங்க நின்னப்போ நீங்க கொஞ்சம் இழுத்தீங்க. அதுக்குப் பேரு இழுப்பா?”

இவ்விவாதம் முடிவுற்றதாகத் தகவல் இல்லை.

அம்மையார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் அமர்ந்தார். எது வடக்கு மீன், எது தெற்கு மீன் என்று மீன்களைக் கேட்க இயலாது ஆதலால், ஒரே குவியலாகக் கொட்டி, பழைய முறைப்படியே கூறு போட்டார். கயிற்றில் கைவைத்த அனைவருக்கும் ஒரு கூறு. தேநீர்க் கடைக்காரர் இரு பக்கமும் இழுத்தமையால் இரு கூறு வேண்டும் என்றார். இரு பக்கமும் இழுத்ததால் ஒன்றை ஒன்று கழித்துவிட்டது, பங்கே கிடையாது என்றார் சுக்கான். அம்மையார் ஒரு கூறு கொடுத்து அனுப்பினார். எவரும் குறை சொல்லவில்லை.

இறுதியாக ஒரு கூறு எஞ்சியது. அது குரலுக்கு உரியது. அம்மையார் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு எழுந்து, தொண்டைமுன் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். இடையில் வைத்துப் பேசப் பூனை அங்கே இல்லை.

“என்னங்க,” என்றார்.

தொண்டை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க எங்க அண்ணனுக்குக் குரல் கொடுத்தீங்களா, உங்க அண்ணனுக்குக் கொடுத்தீங்களா?”

எத்தனையோ நாள் எண்ணி எண்ணி வைத்திருந்த விடைகள் அத்தனையும் அவர் நாவில் வந்து நின்றன. உனக்குத்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். “ஹ்ஹ்” என்று காற்று வந்தது. மீண்டும் முயன்றார். அதைவிட மெல்லிய காற்று வந்தது. காலையிலிருந்து கத்திய கத்தலில் குரல் அடியோடு போய்விட்டிருந்தது.

“என்ன, பேச மாட்டீங்களா?” அம்மையாரின் புருவம் உயர்ந்தது. “நானா வந்து வாய் திறந்து பேசுறேன், உங்களுக்கு அவ்வளவு ரோஷமா?”

தொண்டை பதறித் தம் கழுத்தைத் தடவிக் காட்டினார்.

“கழுத்தை நெரிப்பேன்னு சொல்றீங்களா? நெரிங்க பாப்போம்! ஊரே இருக்கு. இத்தனை நாளா அந்த இரும்புப் பெட்டி மேல போய்ப் போய் உக்காந்தீங்களே, வீட்டுல ஒருத்தி இருக்காளேன்னு தோணுச்சா? கூரை மேல ஏறுனீங்களே, விழுந்திருந்தா யாரு பாக்குறது? முதுகு இருக்குற இருப்புக்கு…”

கூடையை அவர் கையில் திணித்துவிட்டு அம்மையார் நடக்கத் தொடங்கினார். வசவு ஒரு முற்றுப்புள்ளியும் இன்றி வந்துகொண்டே இருந்தது. தொண்டை கூடையை மார்போடு அணைத்தபடி, அதில் ஒரு சொல்லும் சிந்திவிடாதபடி காதைத் தீட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். கரைப் பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. ஒன்று நண்டின் வீட்டுக்குச் செல்வது, மற்றொன்று அவர்களுடையது.

அம்மையார் அங்கே நிற்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. “…அதுவும் அந்த வெயில்ல, தலையில ஒரு துண்டுகூடப் போடாம…” என்ற வாக்கியத்தின் நடுவிலேயே தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்.